நோகும் இடுப்பும் நீவும் கரமும்

பதினெட்டு ஆண்டுகளாக நிமிர முடியாமல் கூனிப்போயிருந்த ஒரு பெண்ணைப் பற்றிப் புனித லூக்கா தம் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஓய்வுநாளன்று தொழுகைக்கூடத்திற்கு அவளும் வந்திருக்கிறாள். தன்னைக் குணமாக்கும்படி அவள் கேட்டதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. அவளுக்காகப் பரிந்து பேசியவரும் எவருமில்லை. இயேசுவே அவளைக் காண்கிறார்; அருகே அழைக்கிறார்; அவள்மீது தம் கைகளை வைக்கிறார். அவள் நிமிர்கிறாள். அதுவரை ஆண்டுக்கணக்காக அவளுக்குப் பக்கத்தில் நின்று செபித்தவர்கள் எத்தனை பேர்! அவள் முதுகை அவர்கள் பாராமலா இருந்திருப்பார்கள்? பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருப்பார்கள்.

இப்பகுதியைக் கோவிலில் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அது எம் வீட்டைப் பற்றியும் பேசுகிறது என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

எம் துணைவியாருக்கு அப்போது வயது 52. ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் முழந்தாட்படியிட, அவர் மட்டும் ஒரு காலை மடித்து, மறுகாலை நீட்டி, கையைத் தரையில் ஊன்றியபடி ஒருவாறு அமர்ந்திருப்பார். சில வாரங்கள் இதைப் பார்த்த நாம், வீடு திரும்பும் வழியில், "ஆண்டவர் எழுந்தருளும் வேளையிலாவது ஒழுங்காக முழந்தாட்படியிடக் கூடாதா?" என்று கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அடுப்படிக்குள் சென்றபோது, அவர் இரு கைகளாலும் சுவரைப் பிடித்தவாறு நின்றுகொண்டிருந்தார். அடியெடுத்து வைக்க முடியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம். "தவக்காலத்திலிருந்து" என்றார். அது அக்டோபர், செபமாலை மாதம்.

நம் தாயார் மூன்றாண்டுகள் படுக்கையிலேயே கிடந்தவர்கள். அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராதபடி எண்ணெய் தடவி, தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி புகட்டியவர் எம் துணைவியார். பேறுகாலத்திற்கு வந்த மகளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றியவரும், பேரக்குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியவரும் அவரே. நமக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் அவர்தாம் தைலக் குப்பியை எடுத்து வருவார். அவர் கைபடாத முதுகு எம் வீட்டில் இல்லை. அவர் முதுகைத் தொட்டுப் பார்க்க மட்டும் எவருக்கும் நினைவு வரவில்லை.

இதனை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இது எம் வீட்டில் மட்டும் நடப்பதன்று என்பதால் எழுதுகிறோம். 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. நம் பங்குகளில் குடம் தூக்கியும், குனிந்து பெருக்கியும், நாற்று நட்டும், மீன்கூடை சுமந்தும், தையல் பொறியின் முன் நாளெல்லாம் அமர்ந்தும் வாழும் தாய்மார்களுள் எத்தனை பேர் வலியை வெளியே சொல்கிறார்கள்?

வலியைக் கண்டுகொண்டபின் நாம் செய்தவை யாவும் தவறுகளே. முதலில், சுளுக்கெடுப்பதில் பேர்போனவர் என்று எவரோ சொன்ன ஒருவரை அழைத்து வந்தோம். அவர் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்கையால் இடுப்பை அழுத்தி, காலைப் பிடித்து ஓங்கி இழுத்தார். எம் துணைவியார் வாய்விட்டு அலறினார். "வலித்தால்தான் போகும்" என்றார் வந்தவர். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார், வலியோ போகவில்லை. பத்து நாள் அவரால் திரும்பிப் படுக்கவும் இயலாமற்போயிற்று. குமரி மாவட்டத்திலும் பிற இடங்களிலும் வர்மக்கலையை ஆசானிடம் முறையாகக் கற்று, நாடி பார்த்து, விரல் நுனியால் தொட்டுப் பணிபுரியும் பெரியோர் உண்டு. அவர்களை நாம் இங்கே குறை கூறவில்லை. ஒரே இழுப்பில் குணமாக்குவேன் என்பவரையே சொல்கிறோம்.

அடுத்து, படுக்கையே மருந்து என்று எண்ணி மூன்று வாரம் அவரை எழவே விடவில்லை. அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்பு அவருடைய கால்களில் இருந்த வலுவையும் கரைத்துவிட்டது. முதுகு வலிக்குப் படுக்கை ஓய்வு என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதித் தந்த மருந்து. 1986இல் அமெரிக்காவில், வலியோடு வந்த 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றவரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். வலி குறைந்ததில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் முன்னதாகவே வேலைக்குத் திரும்பினார்கள். 1995இல் பின்லாந்தின் எல்சிங்கி நகர ஊழியர்களிடம் செய்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. படுத்திருந்தவர்களைவிட, தாங்கக்கூடிய அளவில் அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவில் நலம்பெற்றார்கள். முதுகு அசைவதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு. அசையாவிடில் அது இறுகிக்கொள்கிறது.

மூன்றாவது தவறு, எக்ஸ்ரே படத்தைக் கண்டு அஞ்சியது. "எலும்புத் தேய்மானம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் வீடே கலங்கிப்போனது. முதுகு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்பதுபோல அவர் குனியவும் பயந்தார். ஆனால் வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கு ஒன்றைப் பிற்பாடு அறிந்தோம். வலியற்ற 20 வயதினருள் நூற்றுக்கு 37 பேருக்கும், வலியற்ற 80 வயதினருள் நூற்றுக்கு 96 பேருக்கும் முதுகின் இடைத்தட்டுகளில் தேய்மானம் காணப்பட்டதாம்! தலை நரைப்பதுபோல முதுகும் உள்ளே நரைக்கிறது. நரைத்த முடி வலிப்பதில்லை.

அப்படியானால் வலிப்பது எது? கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றின் இருபுறமும் கயிறு முறுக்கியதுபோல் நீண்ட தசைகள் ஓடுகின்றன. புட்டத்தில் தடித்த தசைகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் அடியில், நம் விரல் பருமனுள்ள ஒரு நரம்பு காலை நோக்கி இறங்குகிறது. இந்த எலும்பு, தட்டு, தசை, மூட்டு ஆகியவற்றுள் எதில் வலி தொடங்கிற்று என்று பெரும்பாலானவர்களுக்குத் திட்டமாகச் சொல்ல இயலாது என்பதே மருத்துவர் கூற்று. எங்கே தொடங்கினாலும், சுற்றியுள்ள தசைகள் காவலர்போல் விறைத்துக்கொள்கின்றன. அசைந்தால் வலிக்குமோ என்ற அச்சத்தில் நாமும் மூச்சை அடக்கி உடலை இறுக்குகிறோம். அந்த விறைப்பே மேலும் வலியாகிறது. இறுகிய கதவை உதைத்தால் தாழ்ப்பாள்தான் உடையும். மென்மையாக நீவுவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது: அது எலும்பை இடம் மாற்றுவதில்லை; காவல் நிற்கும் தசைக்கு, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று உணர்த்துகிறது.

இதை நமக்குக் கற்பித்தவர், எம் பங்கிலுள்ள கன்னியர் மருந்தகத்தின் செவிலியரான ஓர் அருட்சகோதரி. வயதில் மூத்தவர், சொல்லில் கண்டிப்பு மிக்கவர். எம் துணைவியாரைச் சோதித்து, காலில் உணர்வும் வலுவும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, மருத்துவரிடமும் ஒருமுறை காட்டச் சொன்னபின், நம் பக்கம் திரும்பி, "நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், ஐயா" என்றார். நாம் திகைத்தோம். அவருடைய கை நம் கையின்மேல் இருந்து வழிகாட்ட, அன்றுதான் எம் துணைவியாரின் முதுகில் முதன்முறையாக எண்ணெய் தடவினோம். இரண்டு நிமிடத்திற்குள் சகோதரி, "மெதுவாக, ஐயா. நீங்கள் மாவு பிசையவில்லை" என்றார்.

அவர் கற்பித்ததை அப்படியே இங்கே தருகிறோம். எந்த வீட்டிலும் செய்யக்கூடியது இது. கணவன் மனைவிக்கும், மகள் தாய்க்கும், மருமகள் மாமியாருக்கும் செய்யலாம். மாமியார் மருமகளுக்குச் செய்தால் இன்னும் நன்று.

உறுதியான கட்டிலிலோ தரையில் விரித்த மெத்தையிலோ நோயாளியைப் படுக்கவைக்க வேண்டும். குப்புறப் படுக்க இயன்றால் அடிவயிற்றின் கீழ் ஒரு மெல்லிய தலையணையும், கணுக்கால்களின் கீழ் ஒரு சுருட்டிய துண்டும் வைக்கவேண்டும். இதனால் இடுப்பின் வளைவு தளரும். குப்புறப் படுக்க இயலாதவரும் கருவுற்றவரும் ஒருக்களித்துப் படுத்து, இரு முழங்கால்களுக்கும் இடையே தலையணை வைத்துக்கொள்வது நல்லது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சிறு கிண்ணத்தில் எடுத்து, அக்கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளஞ்சூடாகிவிடும். அடுப்பில் நேரே காய்ச்ச வேண்டாம். எந்தத் தைலம் சிறந்தது என்று நாம் கேட்டபோது சகோதரி சிரித்தார். கை வழுக்குவதற்குத்தான் எண்ணெய். வேலை செய்வது கை என்றார். கடைத்தெருவில் விலையுயர்ந்த குப்பிகளைத் தேடி அலைந்த நமக்கு இது புதுச் செய்தி.

முதலில் எண்ணெய் தொடாமல், இரு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கி, ஒரு கையை இடுப்பின் நடுவே பரப்பி வைத்து ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு மூச்சு அப்படியே. ஆண்களுக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான் என்று நாம் பட்டறிந்து சொல்கிறோம், கை பரபரக்கும். ஆனால் அந்தச் சிறு நேரத்திலேயே, கையின் கீழ் அவர் மூச்சு ஆழமாவதை உணரலாம். பிறகு அந்தக் கையாலேயே இடுப்பை வலமும் இடமுமாக, தொட்டில் ஆட்டுவதுபோல், மிகச் சிறிதாக அசைத்துவிட வேண்டும். உறங்கும் குழந்தை விழித்துவிடாத அளவுக்குத்தான் அசைவு இருக்கவேண்டும்.

அதன்பின் எண்ணெய் தடவி, முதுகெலும்பின் இருபுறமும் இரு உள்ளங்கைகளையும் வைத்து, இடுப்பிலிருந்து தோள்வரை மெல்ல மேலேறி, விலாவின் ஓரமாக இறங்கி வரவேண்டும். எலும்பின்மேல் ஒருபோதும் அழுத்தலாகாது. தசையின்மேல் மட்டுமே கை செல்லவேண்டும். ஒரு சுற்றுக்கு நிதானமாக ஓர் "அருள்நிறை மரியே" சொல்லும் நேரம் ஆகவேண்டும் என்பது சகோதரியின் கணக்கு. பத்து மணி ஆனதும் அடுத்த பகுதிக்குப் போகலாம். கடிகாரம் பார்ப்பதைவிட இது எளிதாயிருந்தது. எம் வீட்டுச் செபமாலையும் இவ்வாறு ஒழுங்குக்கு வந்தது.

இடுப்பு வலிக்கு முக்கியமான இடம் புட்டமும் அதன் பக்கவாட்டும் ஆகும். பலர் வலிக்கும் முதுகையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இறுக்கமோ கீழே இருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் விளிம்புக்கும் தொடையெலும்பின் மேற்புடைப்புக்கும் நடுவிலுள்ள சதையில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நம் உடலின் எடையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, மூன்று மூச்சு நிறுத்தி, மெல்ல எடுக்கவேண்டும். குத்துவதோ இடிப்பதோ கூடாது. "இந்த இடம் நோகிறதா? இவ்வளவு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே செய்யவேண்டும். நோயாளி மூச்சை அடக்கினாலோ, பல்லைக் கடித்தாலோ, கால்விரலை மடக்கினாலோ நம் கை மிஞ்சிவிட்டது என்று பொருள். வலியைத் தாங்குவது இங்கே புண்ணியமன்று.

இவ்வாறு இருபது நிமிடம் செய்தால் போதும். பின்பு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டாலோ, நம் பாட்டிமார் செய்ததுபோல் வறுத்த தவிட்டையோ உப்பையோ துணியில் முடிந்தோ கால்மணி நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் நம் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். நீரிழிவினால் உணர்வு மரத்தவர்களுக்கு ஒத்தடம் தீப்புண்ணாகிவிடும். கர்ப்பூரம் கலந்த காரமான தைலம் பூசிய இடத்தில் சூடு வைக்கக் கூடாது. முடிந்தபின் நோயாளி விசுக்கென்று எழலாகாது. ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழவேண்டும்.

நாள்தோறும் இரவில் இதைச் செய்துவந்தோம். முதல் வாரத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை; இரவில் நன்றாகத் தூங்கினார், அவ்வளவே. மூன்றாம் வாரம் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். இதனிடையே நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். இருபது நிமிடம் ஒருவர் முதுகைத் தொட்டுக்கொண்டு ஊமையாய் இருக்க முடியாதல்லவா? நம் தாயார் இறந்த இரவு தாம் தனியே அவர்களைத் தூக்கியதையும், அன்று முதுகில் ஏதோ "சுளீர்" என்றதையும், அப்போது சொல்ல மனம் வராததையும் அவர் அந்தச் சில நாள்களில்தான் சொன்னார்.

மென்மையான கை போதுமா, தேர்ந்த நிபுணரின் கை வேண்டாமா என்று வாசகர் கேட்கக்கூடும். 2011இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நாட்பட்ட முதுகு வலியுள்ள 401 பேரிடம் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு பிரிவினருக்குத் தசையின் அமைப்பறிந்து குறிப்பிட்ட இடங்களைத் தேடிச் செய்யும் நுட்பமான தேய்ப்பு. மற்றொரு பிரிவினருக்கு உடலைத் தளர்த்தும் சாதாரணமான இதமான தேய்ப்பு. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். பத்து வாரத்தில் தேய்த்துக்கொண்ட இரு பிரிவினருமே மூன்றாமவரைவிட நலமாயிருந்தனர். அவ்விரு முறைகளுக்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை! தேய்த்தவர்கள் பயிற்சி பெற்றவர்களே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எனினும் இதமே பாதி மருந்து என்று எண்ண இடமிருக்கிறது.

ஆனால் அந்தப் பயன், ஓராண்டு ஆனபோது பெரிதும் மங்கிவிட்டது. இதுவும் உண்மை. பிறர் கை தரும் இதம் வாயிலைத் திறக்கும். உள்ளே நடந்து செல்லவேண்டியவர் நோயாளியே. இங்கிலாந்தில் 579 நோயாளிகளைக் கொண்டு செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. அங்கே தேய்ப்புடன் ஒப்பிடப்பட்டது, உடலைப் பயன்படுத்தும் பழக்கத்தையே மாற்றக் கற்பிக்கும் ஒரு முறை. அதைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1869இல் பிறந்த அலெக்சாண்டர் என்பவர். மேடையில் கவிதைகளை ஒப்பித்து வாழ்ந்த அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சு எழாமற்போயிற்று. மருந்துகள் பயன்தரவில்லை. கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே கவனித்தபோது, பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவதைக் கண்டார். அந்தப் பழக்கத்தை விட்டதும் குரல் திரும்பியது. பின்னர் இலண்டன் சென்று பலருக்குக் கற்பித்தார். ஆசிரியர் மெல்லத் தொட்டு வழிகாட்ட, இறுக்கமின்றி எழவும் அமரவும் பழகுவதே அவருடைய பாடம். அந்த ஆய்வில் இப்பாடத்தை 24 முறை கற்றவர்கள், ஓராண்டு கழித்து மாதத்தில் மூன்று நாளே வலியுற்றார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் 21 நாள் வலியுற்றார்கள்.

அந்த ஆசிரியர்களை நம் ஊர்களில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆனால் அவர்கள் கற்பிக்கும் ஓர் ஓய்வு முறைக்குப் பாய் ஒன்று போதும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, தலைக்கடியில் மடித்த துண்டை வைத்து, கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் விழித்தபடி இருக்கவேண்டும். முதுகு தானாகவே தரையில் பரவும். மதிய உணவுக்கு முன் எம் துணைவியார் இவ்வாறு படுப்பார். அப்போது எவர் வந்து கூப்பிட்டாலும் எழக்கூடாது என்பது சகோதரியின் கட்டளை. எழுந்தது இரண்டு மூன்று முறைதான், அதுவும் பேரனுக்காக. படுத்தபடியே முழங்கால்களை வலமும் இடமுமாக மெல்லச் சாய்ப்பது, ஒவ்வொரு காலாக மார்பை நோக்கி அணைப்பது, புட்டத்தைச் சிறிது உயர்த்தி இறக்குவது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வாரம் ஒன்றாகச் சேர்த்தார். பிறகு நடை. முதலில் தெருமுனைவரை, பிறகு கெபிவரை, இப்போது கடைத்தெருவரை. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நாட்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய அறிவும், தேய்ப்பு போன்ற உடல்வழிச் சிகிச்சைகளும் இடம்பெற்றுள்ளன. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதை அது ஆதரிக்கவில்லை. நாம் வாங்கிய பட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

எந்த முதுகையும் நீவத் தொடங்குமுன் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து தொய்ந்தாலும் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலும் உடல் மெலிவும் முதுகு வலியோடு சேர்ந்து வந்தால், காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதை நம் நாட்டில் மறக்கலாகாது. முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகு வலியும், இரவில் படுத்தாலும் தணியாத வலியும் சோதனைக்குரியவை. வயதானவர் விழுந்தபின் இடுப்பு நோகிறதென்றால் அது முறிவாக இருக்கலாம், தேய்க்கவே கூடாது. ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கிச் சூடாக நோகுமானால் அங்கும் கைவைக்கலாகாது. உள்ளே இரத்தக் கட்டி இருக்கக்கூடும். தாத்தாவின் முதுகைப் பேரப்பிள்ளைகள் மிதிப்பதும், கால்வழிப் பிறந்தவரைக் கொண்டு மிதிக்கச் செய்வதும் பல ஊர்களில் வழக்கம். எலும்பு மென்மையடைந்த முதியோருக்கு அது ஆபத்து. வலி ஆறு வாரத்திற்கு மேலும் நீடித்தால் இயன்முறை மருத்துவரைக் காண்பது நல்லது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடமாட இயலாதவர்களின் வீட்டுக்கே சென்று அச்சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாக அமைந்தது.

இனி, நாம் தொடங்கிய இடத்திற்கே வருகிறோம். முழந்தாட்படியிட இயலாதது பாவமென்று எம் துணைவியார் எண்ணியிருந்தார். நாமும் அவரை அவ்வாறே எண்ணச் செய்தோம். திருப்பலி நூலின் பொது விதிமுறை 43ஆம் எண்ணில், நற்கருணை வசீகரத்தின்போது முழந்தாட்படியிடவேண்டும் என்று கூறும் அதே இடத்திலேயே, உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. அவர்கள், குரு முழந்தாளிட்டு வணங்கும்போது தாழ்ந்து பணிந்தால் போதும். முதுகு வளையாதவர் தலையைத் தாழ்த்தினாலும் ஆண்டவர் ஏற்கமாட்டாரா? திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நரம்பு வலியை நன்கு அறிந்தவர். 2013இல் ரியோ நகரிலிருந்து திரும்பும் வானூர்தியில், திருத்தந்தையான முதல் மாதங்களில் தமக்கு நேர்ந்தவற்றுள் மிக மோசமானது அதுவே என்று செய்தியாளரிடம் கூறினார். 2020 டிசம்பர் 31ஆம் நாள் நன்றி வழிபாட்டையும் மறுநாள் புத்தாண்டுத் திருப்பலியையும் அவ்வலியினால் அவரால் நடத்த இயலவில்லை. 2022இல் முழங்கால் வலியும் சேர்ந்தபோது சக்கர நாற்காலியில் அமர்ந்தே மக்களைச் சந்தித்தார்.

நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தையும் இங்கே நினைக்கிறோம். முன்னர் அதை "அவஸ்தை" என்று சொல்லி, குரு எண்ணெயோடு வந்தாலே சாவு வந்ததென்று அஞ்சினோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதன் சடங்கைப் புதுப்பித்தபோது, நெற்றியிலும் கைகளிலும் பூசும்படி அமைத்தார். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்த இடமளித்தார். நம் கிண்ணத்து நல்லெண்ணெய் அருட்சாதனம் அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் நோயுற்ற உடலைத் தொடுவதற்குத் திருச்சபை ஒருநாளும் கூசியதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எம் பங்குத்தந்தையிடம் இவற்றையெல்லாம் ஒரு நாள் சொல்ல நேர்ந்தது. அவர் மறு ஞாயிறே கோவிலின் தூணோரமாக நான்கு நாற்காலிகள் போடச் செய்து, முழந்தாட்படியிட இயலாதவர்கள் அமரலாம் என்று அறிவித்தார். முதல் இரண்டு வாரமும் அவற்றில் எவரும் அமரவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் எம் துணைவியார் போய் அமர்ந்தார். அதற்கு அடுத்த வாரம் நான்கும் நிறைந்துவிட்டன. இன்னும் ஆறாவது வேண்டியிருக்கும் என்று கோவில்பிள்ளை பங்குத்தந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.